காவல் பக்கம்

செத்துப்போய் இரண்டு வருஷம் கழித்து, பீளமேடு வெங்கிடுசாமி நாக்பூர்க் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

உயிரோடு இருந்த காலத்தில் மனுஷன் பக்கத்திலிருக்கிற வாளையாறு எல்லையைக்கூடத் தாண்டியதில்லை. தபால் ஆபீஸில் உட்கார்ந்து, நாடு முழுக்கப் போகிற கவர்களுக்கு முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போய், தலைவலி என்று மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே திரும்பி வந்தவர். அப்படிப்பட்டவர், "நாக்பூர் தாண்டுனா குளுரு எலும்புக்குள்ள எறங்கும், கண்ணுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுக்கோணும்" என்று சொன்னால் பெண்சாதி பயப்படாமல் என்ன செய்வாள்? அதிலும் அந்தக் கண்ணு யாரென்றே தெரியவில்லை. அவர்களுக்குக் குழந்தை கிடையாது.

புகார் குரலகத்துக்கு வந்தது. குரலகம் செய்கிற காரியம் இப்போது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆள் போவதற்கு முந்தியே உட்கார வைத்து, மாசக்கணக்கில் பேசவிட்டு, மண்டைக்குள் நினைப்பு ஓடுகிற தடங்களை அப்படியே இறக்கி வைத்துக்கொள்வார்கள். ஆள் போனபிறகு அவை கிணத்துக்கடவுப் பக்கம் நிலத்துக்கடியில் இருக்கிற கம்ப்யூட்டர்களில் ஓடும். வீட்டு அலமாரியில் சொம்பு அளவுக்கு ஒரு பேசுபெட்டி இருக்கும். கூப்பிட்டால் ஆள் பேசுவார். பழைய பேச்சைப் பதிந்து வைத்து ஓட்டுவதில்லை. அன்றன்றைக்கு யோசித்து அன்றன்றைக்குப் பேசுவார். அது ஆத்மாவா இல்லையா என்று டி.வி.யில் கத்திக் கத்தி ஓய்ந்துபோய், இப்போதெல்லாம் 'மாமனாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க' என்று நிலம் வாங்குகிற அளவுக்கு ஜனங்கள் பழகிவிட்டார்கள்.

அர்த்தநாரிக்கு அங்கே கெர்னல் வேலை. கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிற மேஸ்திரி. யாருக்கு எவ்வளவு இடம், யார் யாருடைய இடத்தில் கால் வைக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பு. நாற்பதைத் தாண்டியும் ஒரு இடத்தில் உட்கார முடியாதவன் அர்த்தநாரி. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கல்யாணம் செய்துகொண்ட பெண் அந்தக் காலாட்டத்தைக் காரணமாகச் சொல்லவில்லை, ஆனாலும் போய்விட்டாள். கம்ப்யூட்டரில் பிழை எதுவும் தட்டுப்படாததால், நேரில் கேட்டுவிடலாம் என்று அவனே பீளமேட்டுக்குக் கிளம்பினான்.

வெங்கிடுசாமியின் மனைவி ருக்குமணி அம்மாள் மாடி வீட்டில் தனியாக இருந்தார். அவன் பேரைக் கேட்டதும் ஒரு நிமிஷம் அவன் முகத்தையே பார்த்தார். அப்புறம் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"உள்ள என்னதானுங்க நடக்குது? எனக்குப் புரியறாப்பல சொல்லுங்க தம்பி."

"இப்ப நீங்க எங்கிட்டப் பேசீட்டிருக்கீங்க. நடுவுல, அடுப்புல பால் வெச்சது ஞாபகம் வருது. பேச்ச அப்படியே வெச்சுப்போட்டு பாலப் பாக்கப் போறீங்க. அங்க போனா கேஸ் தீரப்போகுது. பாலையும் அப்படியே வெச்சுட்டு அதப் பாக்கறீங்க. எல்லாம் முடிஞ்சதும், கடைசியா வெச்சத மொதல்ல எடுத்து, ஒண்ணொண்ணா இந்தப் பேச்சுக்கே திரும்பி வர்றீங்களல்ல? அப்படி வெச்சுட்டுப் போறதுக்கு ஒரு எடம் வேணுமில்லீங்களா, அதுதான் அடுக்கு. அங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடுக்கு உண்டுங்க."

"வெச்சுட்டே போனா எடம் தீந்து போகாதுங்களா?"

கெட்டிக்கார அம்மாள்தான் என்று அர்த்தநாரி நினைத்துக்கொண்டான். "தீந்து போகுமுங்க. அதுக்குத்தான் காவல் பக்கம். ஒவ்வொருத்தரு எடத்துக்கும் கீழ, நோட்டுல எழுதாத பக்கமாட்டம், ஒரு வெத்துப் பக்கம் விட்டிருப்போம். அதுல ஒண்ணும் இருக்காது, யாரும் தொடக் கூடாது. தொட்டா, கெர்னல் அந்த ஒரு நெனப்ப மட்டும் அங்கயே நிறுத்திப்போட்டு ஆளப் புதுசாக் கெளப்பி விட்டிரும். அதத் தாண்டி அடுத்தவங்க எடத்துக்குப் போகவே முடியாதுங்க."

"நெனச்சுட்டிருக்கும்போதேவா நிறுத்தும்?"

"ஆமாங்."

"பாவமுங்க அது," என்றார் ருக்குமணி அம்மாள்.

அவன் காப்பியைக் குடித்தான். அந்தக் காவல் பக்கத்தை வடிவமைத்தவனே அவன்தான். எத்தனை பக்கம் விடலாம் என்று கேட்டபோது, ஒரு பக்கம் தாராளம், மனுஷன் அடி மேல் அடி வைத்துத்தான் நினைப்பான் என்று சொல்லிக் கைதட்டும் வாங்கியவன். அதில் யாருக்கும் பாவம் என்று தோன்றியதில்லை.

பேசுபெட்டி தானாகச் செருமியது. வெங்கிடுசாமியின் குரல் மெல்லிய, கணக்கான குரல். அந்தக் குரலில், "சீட்டுக்கு அடியில ஒளிஞ்சுட்டு வந்துட்டான் கண்ணு. சங்ககிரி தாண்டித்தான் பாத்தேன். நானும் வர்றேம்ப்பான்னு நிக்கறான், இத்துனூண்டு. அறஞ்சுபோட்டேன்" என்றார். பிறகு, "ருக்கு, பேப்பர்காரன் வந்தானா?" என்று வழக்கமான பேச்சுக்குத் திரும்பிவிட்டார்.

அர்த்தநாரியின் கால் ஆடுவது நின்றுபோயிருந்தது.

அன்று அப்பா கையால் அறை வாங்கிய பையன் அவன்தான். ஆறு வயசு இருக்கும். அப்பா செங்கோட்டுவேல் லாரி டிரைவர். திருச்செங்கோட்டில் கிளம்பினால் லூதியானா, கவுகாத்தி என்று போய், மாசத்தில் ரெண்டு நாள் வீட்டுக்கு வந்து தூங்குவார். கூடவே போய்விடலாம் என்று வண்டிக்குள் ஒளிந்தவனைக் கன்னத்தில் ஒன்று விட்டு, எதிரே வந்த ஊர்க்கார லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். அந்தக் கதையை அர்த்தநாரி யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார், அவர் எதையுமே சொல்கிற ஆள் இல்லை.

செங்கோட்டுவேலும் இப்போது குரலகத்தில்தான் குடியிருக்கிறார். புற்றுநோய் வந்து படுத்தபோது மகன்தான் தன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டான். ஞாயிறு காலையில் கூப்பிடுவான். "சாப்டயா?" "சாப்ட்டனுங்ப்பா." "வேலையெல்லாம்?" "போகுதுங்." "சரி, வெச்சரட்டா?" முடிந்தது. உயிரோடு இருந்தபோதும் தாபாவிலிருந்து கூப்பிட்டு இதையேதான் பேசினார். கம்பெனி அச்சு அசலாக இறக்கி வைத்திருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது.

வெங்கிடுசாமிக்கு நாக்பூர் எப்படி வந்தது என்பதை மறுநாள் ஆபீஸில் மெஹ்ருன்னிசா கண்டுபிடித்துவிட்டாள். கோட்டைமேட்டுக்காரி, அவனுக்கு அடுத்த மேஜை. பிழையைப் பிடித்தால் அதைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள்.

"அண்ணா, காவல் பக்கத்த யாருமே தொடல. அதனாலதான் நமக்கு ஒண்ணுமே தெரியல. புகார் வந்த ஆளுக்கு மேல் எடத்துல இருக்கறவரு அதத் தாண்டிக் குதிச்சிருக்காரு."

"எப்படிக் குதிக்க முடியும்?"

"அடி அடியாப் போனாத்தானே கால் அதுல படும்? இவரு ஒரு நெனப்புக்கு எடுக்கற எடத்தப் பாருங்க. நம்ம காவல் பக்கத்தவிடப் பெருசு. ஒரே எட்டுல தாண்டிக் கீழ் வீட்டுக்காரரோட அடுக்குல கால வெச்சுட்டாரு. கீழ் வீட்டுக்காரரு பாவம், தன்னோடதுன்னு நெனச்சு அத எடுத்துப் பேசறாரு." அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "யாருண்ணா இவ்வளவு மொத்தமா நெனைக்கறது?"

திரையில் பெயர் இருக்காது. குடியிருப்பவரின் நினைப்பை வேலைக்காரர்கள் படிக்கக் கூடாது என்று சட்டம். அவர்களுக்கு எண் மட்டும்தான் தெரியும், உள்ளே இருப்பது பூட்டியிருக்கும். அந்த எண் அர்த்தநாரிக்கு மனப்பாடம். சேர்த்துவிட்டவனே அவன்தானே.

மற்ற அப்பன்கள் பிள்ளையை நினைத்தால் துண்டு துண்டாகத்தான் நினைப்பார்கள். பள்ளிக்கூட வாசலில் நின்றது, காய்ச்சலில் கிடந்தது, சைக்கிளிலிருந்து விழுந்தது என்று. செங்கோட்டுவேலுக்கு அப்படித் துண்டுகள் கிடையாது. பிள்ளையைக் கண்ணால் பார்த்ததே கொஞ்சம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சேலத்தில் நினைக்க ஆரம்பித்தால் நாக்பூர், ஜபல்பூர் என்று போய் அசாம் எல்லை வரைக்கும் ஒரே நினைப்பு. மொத்தச் சாலையும் சேர்ந்து ஒன்று. அதைத் தூக்கி வைக்கும்போது ஒரு பக்கம் என்ன, நாலு பக்கத்தையும் தாண்டிவிடும்.

"இன்னொண்ணு பாருங்க," என்றாள் மெஹ்ரு. "வாய் விட்டுச் சொல்லி முடிச்ச நெனப்பு அடுக்க விட்டு எறங்கிரும். இவரு சொல்றதே இல்ல, வெச்சுட்டே போறாரு. அதுவும் எப்ப தெரியுங்களா? ஞாயித்துக்கெழம. யாரோ ஒருத்தரு கூப்புட்டுப் பேசி வெச்ச ஒடனே."

"சரி. கீழ் வீட்டுக்காரருக்கு என்ன ஆகும்?"

"என்ன ஆகும்னு என்னக் கேக்கறீங்களா? அவரு அந்த எடத்துல வெச்சிருந்தது அழியும். தாண்டற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். போனது வராது."

"மேல இருக்கறவருக்கு எடத்தப் பெருசு பண்ணிட்டா?"

"ஓடிட்டிருக்கற ஆள நகத்த முடியாதுங்களேண்ணா. முழுசா நிறுத்தித்தான் நகத்தணும். நிறுத்துனா, இங்க வந்ததுக்கப்பறம் ரெண்டு பேரும் நெனச்சது, பேசுனது அத்தனையும் போயிரும். இது சின்ன வேலைதானே. எவ்வளவு பெரிய எட்டு எடுத்தாலும் நடுவுல இருக்கற எல்லாப் பக்கத்தையும் தொட்டுட்டுத்தான் போகணும்னு எழுதிட்டாப் போச்சு. காவல் பக்கத்துல கால் பட்டே தீரும்."

சின்ன வேலைதான். ஓட்டையை அடைக்கிற அந்தத் துண்டை, பேட்ச் என்பார்கள், அர்த்தநாரி அன்று மத்தியானத்துக்குள் எழுதி முடித்துவிட்டான். ஓட்டிப் பார்த்தான், சரியாக ஓடியது. ஏற்றவில்லை.

'அறஞ்சுபோட்டேன்' என்பதற்கு அப்புறம் என்ன என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவ்வளவுதான், அதைக் கேட்டுவிட்டு ஏற்றிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இப்படிச் சொல்லிக்கொள்கிறவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அப்பாவோடு பேசி முடித்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகப் பீளமேடு போனான். சோதனை என்று சொன்னான். ருக்குமணி அம்மாள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, இட்லி வைத்தார். பேசுபெட்டி பேசியது.

"அடிச்ச கை தர்மபுரி வரைக்கும் நடுங்குச்சு. கியர் போட முடியல. வண்டிய ஓரமா நிறுத்திப்போட்டு அழுதேன். கிளீனர்ப் பையன், ஏண்ணா பல்லு வலியாங்கறான். ஆமாண்டான்னேன்."

அர்த்தநாரி பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தான். அப்பா அழுதார் என்பதை அவனால் நம்ப முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. அடுத்தவர் குரலில், அடுத்தவர் வீட்டில், தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டான். சந்தோஷமாக இருந்தது. வெட்கம்கெட்ட சந்தோஷம்.

அதற்கப்புறம் ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியவில்லை. வாரத்தின் நடுவிலும் அப்பாவைக் கூப்பிட ஆரம்பித்தான். உயிரோடு இருந்தபோது இத்தனை தடவை கூப்பிட்டிருந்தால் அந்த மனுஷன் கொண்டாடியிருப்பார். இப்போது கூப்பிட்டதோ அவரோடு பேசுவதற்கு இல்லை. பேச்சு முடிந்ததும் அவர் தனியாக நினைப்பாரே, அதற்காக. "சாப்டயா? சரி, வெச்சரட்டா?" என்று அவர் வைத்த மறுநிமிஷம் ஸ்கூட்டர் கிளம்பிவிடும்.

வெங்கிடுசாமி வாயிலிருந்து எல்லாம் வந்தது. பத்தாவதில் அர்த்தநாரி வாங்கிய மார்க்கை அப்பா ஜான்சிப் பக்கம் ஒரு பஞ்சர்க் கடைக்காரனிடம் தமிழிலேயே சொல்லி, அவனும் புரிந்ததுபோலத் தலையாட்டி டீ வாங்கிக் கொடுத்தது. அம்மா இறந்தபோது வந்து சேர முடியாமல் பிரம்மபுத்திரா வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, பையன் தனியாகக் கொள்ளி வைத்திருப்பானே என்று லாரி மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தச் சாவுக்கு அப்பா வராததை அர்த்தநாரி இன்றுவரை மன்னித்திருக்கவில்லை.

அதே நேரத்தில் வெங்கிடுசாமியிடமிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முதலில் பேப்பர்காரனைக் கேட்பது நின்றது. அப்புறம் தபால் ஆபீஸில் கூட வேலை பார்த்தவர்களின் பேர்கள். ஒரு நாள் ருக்குமணி அம்மாள், "இன்னிக்கு நம்ம கல்யாண நாளுங்க" என்றபோது, "அப்படீங்களா, நல்லதுங்க" என்றார் மரியாதையாக. அந்தம்மா சிரித்துச் சமாளித்தார். அர்த்தநாரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேட்ச் எங்கண்ணா?" என்று மெஹ்ரு கேட்டாள்.

"சோதிச்சிட்டிருக்கேன்."

"எத்தனை நாளைக்கு? ஒரு மனுஷன் கரைஞ்சிட்டிருக்காரு."

"அவசரப்பட்டு ஏத்தி எல்லாரும் விழுந்துட்டா நீ பதில் சொல்லுவியா?"

"நீங்க இப்படிப் பேசற ஆளில்ல," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அன்று சாயங்காலமே ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தான். சாயங்காலம் பீளமேட்டுக்குப் போனான்.

அன்றைக்கு வெங்கிடுசாமி ரொம்ப நேரம் பேசினார். பையன் இன்ஜினியரிங் சேர்ந்த அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு லாரி ஓட்டியது. ருக்குமணி அம்மாள் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு நின்றது. அந்தம்மா வழக்கம்போல, "காப்பி குடிச்சுட்டு வந்தரட்டுங்களா?" என்றார்.

"அம்மா, நீங்க யாருங்க?" என்றார் வெங்கிடுசாமி. குரலில் எரிச்சல் இல்லை, கவுண்டருக்கு வந்தவர்களிடம் பேசுகிற பதவிசு. "கவுண்டர் சாத்தியாச்சுங்களே. நாளைக்கு வர்றீங்களா?"

ருக்குமணி அம்மாள் முந்தானையால் பெட்டியின் மேல் இருந்த தூசியைத் துடைத்தார். "ஒரு கவர் வாங்கிட்டுப் போலாம்னு வந்தனுங்க. பரவால்ல, நாளைக்கே வர்றேன்," என்றார்.

அர்த்தநாரி எழுந்து வெளியே போனான். மாடிப்படியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துத் திறந்து, எழுதி வைத்திருந்ததை ஏற்றினான். பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்தான். ஏறிவிட்டது. இத்தனை நாள் ஆட்டிவைத்த காரியம் ஒரு காப்பி ஆறுகிற நேரத்தில் முடிந்துபோனதை நினைத்து அவன் மேலேயே அவனுக்குக் கோபம் வந்தது. உள்ளே போய்ச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பழக்க தோஷத்தில் அப்பாவைக் கூப்பிட்டான்.

"சாப்டயா?"

"சாப்ட்டனுங்ப்பா."

"சரி, வெச்சரட்டா?"

வைத்த கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது. கெர்னல் வேலைக்காரர்களுக்கு மட்டும் வருகிற எச்சரிக்கை: காவல் பக்கம் தொடப்பட்டது, நினைப்பு நிறுத்தப்பட்டது, குடியிருப்பவர் புதிதாகக் கிளப்பப்பட்டார். கீழே அந்த எண்.

அவன் எழுதியது எழுதியபடி வேலை செய்திருக்கிறது. சேலத்தில் கிளம்பி எங்கேயோ போய்க்கொண்டிருந்த மனுஷனைக் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்துக் கீழே தள்ளியிருக்கிறது. அடுத்த நாள் கூப்பிட்டான், மறுபடியும் அதே எச்சரிக்கை. மகன் குரலைக் கேட்டால் அவர் அங்கேதான் போகிறார், போனால் அங்கேதான் விழுகிறார். கூப்பிடாமல் இருந்தால் விழ மாட்டார். அப்பாவுக்கு நல்லது செய்ய வேண்டுமென்றால் அவரோடு பேசக் கூடாது என்று ஆகிவிட்டது. அர்த்தநாரிக்கு வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை, ஆபீஸிலும் இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் பீளமேட்டுக்கே போனான்.

"சரி பண்ணிப்போட்டீங்களா தம்பி? ஒரு வாரமா கண்ணப் பத்திப் பேச்சே இல்ல. நான் யாருன்னுதான் தெனமும் சொல்லோணும்," என்றார் ருக்குமணி அம்மாள். இன்றைக்குக் காப்பி வைக்கவில்லை.

அவன் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான். மேல் வீட்டுக்காரர் தன் அப்பா என்பதை, பேட்ச் முதல் வாரமே தயாராக இருந்ததை, அப்பாவை வேண்டுமென்றே கூப்பிட்டு விட்டு இங்கே வந்ததை. "உங்க வீட்டுக்காரரு போறது தெரிஞ்சும் வந்தனுங்க. கேக்காம இருக்க முடியல," என்றான்.

"எனக்குத் தெரியுமுங்க."

அவன் நிமிர்ந்தான்.

"கண்ணு பேரு அர்த்தநாரின்னு நீங்க வர்றதுக்கு முன்னாலயே இவரு சொல்லிப்போட்டாரு. வாசப்படியில நின்னு நீங்க பேரச் சொன்னப்பவே தெரிஞ்சுது."

"அப்ப ஏனுங்க சொல்லல?"

"சொன்னா ஒடனே சரி பண்ணிப்போடுவீங்க." ருக்குமணி அம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நாப்பத்தஞ்சு வருசம் இந்த வீட்டுல ஒரு புள்ளயப் பத்தி ஒரு வார்த்த கெடயாது. பேசுனா ஒருத்தருக்கொருத்தரு வலிக்கும்னு ரெண்டு பேருமே பேசமாட்டோம். போனதுக்கப்பறம் வந்து, கண்ணுக்கு ஸ்வெட்டர் எடுக்கோணுங்கறாரு. மொதல்ல பயந்துபோயி உங்க ஆபீசுக்குச் சொன்னேன். அப்பறம் ஏஞ்சொன்னோம்னு ஆயிருச்சு. நீங்க வந்து இட்லி தின்னீங்க. அவரு பேசறாரு, புள்ள ஒக்காந்து தின்னுது. இவரு எங்க கல்யாண நாள மறந்தப்பக்கூட, இன்னொரு நாளு ஓடட்டும், இன்னொரு நாளு ஓடட்டும்னுதான் இருந்தேன்."

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போகிறவரைக்கும் அவர் காத்திருந்தார்.

"நாம ரெண்டு பேருஞ் சேந்து அவரத் தின்னுபோட்டோம் தம்பி."

அர்த்தநாரி அழுதான். அந்தம்மா தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்துவிட்டு, "உங்கப்பாவுக்கு இப்ப என்ன?" என்று கேட்டார். பாதி நினைப்பில் நிறுத்தி நிறுத்திக் கிளப்பிவிடுவதைச் சொன்னான். நான்தான் அன்னைக்கே பாவமுன்னு சொன்னேனே என்று அவர் சொல்லிக் காட்டவில்லை. கையை நீட்டினார்.

"போனப் போட்டுக் குடுங்க. நான் பேசறேன்."

"நீங்களா? என்ன பேசுவீங்க?"

"அவரு புள்ளயப் பத்திப் பாதிக் கத கேட்டவ நானு. மீதிக் கதய நான்தான கேக்கோணும். குடுங்க."

அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "அப்பா, ஒரு அம்மா உங்ககிட்டப் பேசோணுங்கறாங்க" என்று சொல்லிக் கொடுத்தான். அந்தம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நீங்க வெளிய இருங்க" என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்தான். கதவு சாத்தியிருந்தது. அந்தம்மாவின் குரல் மட்டும் லேசாகக் கேட்டது. "பீளமேட்டுலருந்து பேசறனுங்க... ஆமாங், லாரி டிரைவருன்னாங்க... எந்த ரூட்டுங்க?" அப்புறம் வெறும் 'ம்'. ரொம்ப நேரம் 'ம்'. இடையில் ஒரு தடவை சிரிப்பு. லேப்டாப்பைத் திறந்து எச்சரிக்கை வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது வரும், இப்போது வரும் என்று கால் ஆடிக்கொண்டே இருந்தது. வெயில் படியிலிருந்து சுவருக்கு ஏறியது. எச்சரிக்கை வரவில்லை. மனுஷன் வாய் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அடுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தாபாவில் எதிரே உட்கார்ந்தவனிடம், பஞ்சர் ஒட்டுகிறவனிடம், முகம் தெரியாதவர்களிடமெல்லாம் அவரால் எப்போதுமே சொல்ல முடிந்திருக்கிறது.

கதவு திறந்தது. ருக்குமணி அம்மாளின் கண் சிவந்திருந்தது. போனைக் கொடுத்தார்.

"என்ன சொன்னாருங்க?" அவன் எழுந்த வேகத்தில் லேப்டாப் கீழே விழப் பார்த்தது.

"நெம்பச் சொன்னாரு."

"என்னன்னு?"

"அது எங்கிட்டச் சொன்னது தம்பி." கண்டிப்பாகத்தான் சொன்னார். "உங்களுக்கு வேணும்னா நீங்க கேளுங்க. எந்த ரூட்டுன்னுகூட நீங்க ஒரு நாளும் அவரக் கேட்டதில்லையாமா."

அர்த்தநாரி போனைப் பார்த்தான். அப்பா இணைப்பிலேயே இருந்தார். அவர் சாப்டயா என்று கேட்பதற்குள் தான் ஏதாவது கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

"படியில நின்னு பேசுங்க," என்றார் ருக்குமணி அம்மாள், அலமாரிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டே. "இன்னிக்கு இன்னும் நான் யாருன்னு இவருகிட்டச் சொல்லல."